செம்பின் குணமும் களிம்பும்

தொலைபேசிக் கம்பி வழியாக வீட்டுக்கு வரும் டிஎஸ்எல் இணையத்தின் வேகத்துக்கு எல்லை வகுப்பது எது என்ற கேள்விக்கு இரண்டு விதமாகப் பதில் சொல்லலாம். கம்பியின் இயல்பே அவ்வளவுதான் என்பது ஒன்று. கம்பியோடு இடையில் வந்து சேர்ந்தவையே தடை என்பது மற்றொன்று. முதல் பதில் சரியானால் குறை சொல்ல யாரும் இல்லை. இரண்டாவது சரியானால் அதைக் களையும் பொறுப்பு யாருக்கோ இருக்கிறது. உடன்பிறந்த தடையையும் வந்தேறிய தடையையும் பிரித்தறிவது தமிழ்ச் சிந்தனைக்குப் பழகிய வேலைதான். சைவ சித்தாந்தம் உயிரைப் பற்றி எழுப்பிய அடிப்படையான கேள்விகளில் அதுவும் ஒன்று. அதற்கு அந்த மரபு கையாண்ட உவமையும் செம்புதான்.

உயிரைப் பிணிக்கும் மலங்களில், அதாவது அழுக்குகளில், ஆணவம் சகசமலம், உடன்பிறந்தது. கன்மமும் மாயையும் ஆகந்துகமலங்கள், வந்தேறியவை. ஆணவம் எப்போது தொடங்கியது என்று சொல்ல முடியாதபடி உயிரோடு ஒட்டியிருப்பது. மற்ற இரண்டும் அதன்மேல் வந்து கூடுபவை. செம்பில் களிம்பு போல, நெல்லில் உமி போல என்று மெய்கண்டார் வழிவந்த நூல்கள் இதை விளக்குகின்றன. களிம்பைத் திருமந்திரமும் பேசுகிறது. இந்த உவமைக்குப் பின்னால் ஒரு நுட்பமான வாதம் நிற்கிறது. மலம் உயிரின் குணம் என்று சித்தாந்திகள் ஒப்புக்கொள்வதில்லை. குணம் என்றால் குணத்தை நீக்கும்போது அதை உடைய பொருளும் அழிய வேண்டும். அப்போது வீடுபேறு என்பதே உயிரின் அழிவாகிவிடும். ஆகவே மலம் தனியானதொரு பொருள், என்றென்றும் கூடியிருந்தாலும் உயிரினின்று வேறானது, ஆகவேதான் நீக்கத்தக்கது. ஒரு தடையை ஆராய்வோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வியை இந்த வாதம் கூர்மையாக்கித் தருகிறது: இது பொருளின் குணமா, பொருளோடு கூடிய வேறொன்றா?

சேக்கிழார் பிறந்த குன்றத்தூருக்குப் பக்கத்து ஊரான திருமுடிவாக்கத்தில் இந்தக் கேள்வியைக் கம்பியின்மேல் வைத்துப் பார்க்கலாம். ஒருபுறம் சிட்கோ தொழிற்பேட்டை, மறுபுறம் வயல்களை மனைகளாக்கி எழுந்த குடியிருப்புகள், நடுவே செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர்க் கால்வாய் என்று அமைந்த ஊர் அது. இத்தகைய புறநகரில் ஒரு வீட்டின் மோடத்திலிருந்து புறப்படும் இரட்டைக் கம்பி ஸ்பிளிட்டரைக் கடந்து, டிராப் வயராகத் தெருமுனையிலுள்ள டிபி என்னும் விநியோகப் பெட்டிக்குப் போகும். அங்கிருந்து நிலத்தடிக் கேபிளாகச் சாலையோரப் பில்லருக்கும், பில்லரிலிருந்து பல நூறு ஜோடிகள் கொண்ட பெரிய கேபிளுக்குள் சேர்ந்து எக்ஸ்சேஞ்சில் எல்லாக் கம்பிகளும் வந்து சேரும் எம்டிஎஃப் சட்டத்துக்கும் போய், பல லைன்களை இணையத்தோடு சேர்க்கும் டிஎஸ்லாம் கருவியில் முடியும். இந்தப் பாதையின் எந்தக் கணுவிலும் வேகம் குறையலாம். ஆனால் ஒவ்வொரு கணுவிலும் அது குறையும் காரணம் ஒரே வகையைச் சேர்ந்ததில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது கிளாட் ஷானன் 1948-ல் பெல் ஆய்வகத்திலிருந்து வெளியிட்ட தேற்றம். அலைக்கற்றையின் அகலமும், சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதமும் தெரிந்தால், ஒரு வழியில் வினாடிக்கு எத்தனை பிட் பிழையின்றி அனுப்பலாம் என்பதற்கு உச்சவரம்பு கிடைத்துவிடும். டிஎஸ்எல் வகைகளில் ஒன்றான ஏடிஎஸ்எல்2+ முறை 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை பயன்படுத்துகிறது. சிக்னல் இரைச்சலைப்போல ஆயிரம் மடங்கு இருந்தால் ஒவ்வொரு ஹெர்ட்சுக்கும் ஏறத்தாழ 10 பிட். ஆக 22 மெகாபிட். விகிதம் கூடினால் வரம்பும் கூடும். விளம்பரங்களில் வரும் 24 மெகாபிட் என்ற எண்ணும் இந்தக் கணக்குக்கு அருகில்தான் இருக்கிறது. இந்தத் தேற்றத்தின் மறுபாதி அதிகம் பேசப்படுவதில்லை. உச்சவரம்புக்குள் இருக்கும்வரை பிழையை எவ்வளவு வேண்டுமானாலும் குறைத்துக்கொண்டே போகலாம். இரைச்சல் இருப்பதால் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் கெட்டுப்போகும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். அப்படியில்லை: எல்லைக்குள் உறுதி உண்டு, எல்லையைத் தாண்டினால் அது கிடையாது. குறையுள்ள ஒரு பொருளின் வழியாகக் குறையற்ற அறிவு வந்து சேர முடியுமா என்ற பழைய தத்துவக் கேள்விக்கு, ஒரு சிறு களத்திலாவது, முடியும் என்று நிறுவப்பட்ட பதில் இது.

எல்லை இருக்கிறது என்று தெரிந்தாலும் அது எங்கே இருக்கிறது என்பதில் ஏமாறுவது எளிது. டயல்-அப் காலத்தில் 33.6 கிலோபிட்தான் தொலைபேசிக் கம்பியின் வரம்பு என்று பலரும் நம்பினர். ஷானன் கணக்கும் அதை ஆமோதிப்பதுபோலவே இருந்தது. ஆனால் அந்தக் கணக்கில் போடப்பட்ட அலைக்கற்றையின் அகலம் வெறும் 3.1 கிலோஹெர்ட்ஸ். பேச்சுக் குரலுக்கு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை போதும் என்று எக்ஸ்சேஞ்சில் வடிகட்டி வைத்திருந்ததே அதற்குக் காரணம். அந்த வடிகட்டியைச் சுற்றிக்கொண்டு போனதும் அதே கம்பியில் பல நூறு மடங்கு வேகம் வந்தது. செம்பின் குணம் என்று கருதப்பட்டது எக்ஸ்சேஞ்சுக்காரர்கள் குரலுக்கென்று வகுத்த ஏற்பாடு. சகசம் என்று ஒன்றை முடிவு கட்டுமுன் எவ்வளவு தயங்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

அப்படியானால் உண்மையிலேயே செம்போடு உடன்பிறந்தது எது? கம்பியின் மின்தடைதான் என்ற பதில் உடனே தோன்றும். இயற்பியல் அதையும் எளிதில் விட்டுவிடுவதில்லை. ஒழுங்கு சற்றும் குலையாத படிகத்தின் ஊடே எலக்ட்ரான் தடையின்றிப் போகும் என்று 1928-ல் ஃபெலிக்ஸ் பிளாக் காட்டினார். தடை எழுவது அணுக்களின் வெப்ப அதிர்விலிருந்தும், படிகத்திலுள்ள மாசுகளிலிருந்தும் பிழைகளிலிருந்தும்தான். அதாவது செம்பு என்ற பொருளின் குணத்தில் தடை இல்லை. செம்போடு கூடிய வெப்பத்தில் இருக்கிறது. அதே 1928-ல் ஜான் ஜான்சனும் ஹாரி நைக்விஸ்டும் இன்னொன்றைக் கண்டறிந்தார்கள். தடையுள்ள எந்தக் கடத்தியும், மின்னோட்டம் ஏதும் செலுத்தப்படாத நிலையிலும், தன் வெப்பநிலைக்கு ஏற்ப ஓர் இரைச்சலை எழுப்பிக்கொண்டே இருக்கும். சிக்னலைக் கரைக்கும் தடைக்கும், சிக்னலை மூழ்கடிக்கும் இரைச்சலுக்கும் வேர் ஒன்றே. ஷானன் விகிதத்தின் மேற்பகுதியைக் குறைப்பதும் கீழ்ப்பகுதியைக் கூட்டுவதும் வெப்பத்தின் அதே ஓயாத அசைவு.

சித்தாந்தத்தின் பகுப்பு இங்கே வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்துகிறது. வெப்பம் செம்பின் குணமன்று, செம்பினின்று வேறானது. ஆனால் வெப்பமே இல்லாத செம்பை இந்த உலகில் யாரும் தொட்டதில்லை. கருத்தளவில் பிரிக்கலாம், திருமுடிவாக்கத்து மண்ணில் பிரிக்க முடியாது. சகசமலம் என்ற கருத்து கேட்பதும் இந்த இரண்டையும் சேர்த்துத்தான். பங்குனியின் 25 டிகிரிக் காலையிலிருந்து சித்திரையின் 40 டிகிரி உச்சிவேளைக்குப் போகும்போது செம்பின் தடை ஏறக்குறைய 6 விழுக்காடு கூடுகிறது. தெருவின் மேலே தொங்கும் டிராப் வயருக்கு இந்த ஏற்றம் முழுதாக உண்டு. புதைந்த கேபிளுக்குக் குறைவு.

தூரம் இன்னொரு வகையைச் சேர்ந்தது. உயர் அதிர்வெண்ணில் மின்னோட்டம் கம்பியின் மேற்பரப்பை ஒட்டியே ஓடுவதால் தடை மேலும் ஏறும். 1 மெகாஹெர்ட்சில் 0.4 மி.மீ. கம்பி ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 20 டெசிபலை விழுங்கும். 20 டெசிபல் என்றால் நூறில் ஒரு பங்குதான் மிஞ்சும். இரண்டாவது கிலோமீட்டரில் அந்த மிச்சத்தில் நூறில் ஒரு பங்கு. மூன்றாவது முடிவில் பத்து லட்சத்தில் ஒன்று. அதனால்தான் எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள வீடு 20 மெகாபிட்டைத் தொடும்போது, மூன்று கிலோமீட்டரில் உள்ளது எட்டுப் பத்தோடு நிற்கிறது. ஐந்தைத் தாண்டியது ஒன்றிரண்டுக்குத் திண்டாடுகிறது. தேய்வின் விதி இயற்கையுடையது. ஆனால் எக்ஸ்சேஞ்சை எங்கே கட்டுவது, எந்தத் தெரு வழியாகக் கேபிள் போவது என்பதெல்லாம் மனிதர் எடுத்த முடிவு. கம்பியின் பருமனும் அப்படியே. 0.5 மி.மீ. கம்பிக்குப் பதில் 0.4 மி.மீ. போட்டால் செம்பு 36 விழுக்காடு மிச்சமாகும். பேச்சுக்கு அதனால் பெரிய நட்டமில்லை. இணையத்தைப் பற்றி யாரும் எண்ணிப் பார்த்திராத நாளில், அந்த நாளுக்கு நியாயமான காரணங்களோடு எடுத்த முடிவுகள், பின்னால் குடிவந்தவருக்கு இயற்கையைப்போல அசையாமல் நிற்கின்றன. முன்செய்தது இப்போதைய வரம்பாகி நிற்பதைச் சித்தாந்தம் கன்மம் என்ற தலைப்பில் வைக்கும். விதி, வினை இரண்டும் கலந்த இந்த வகையைத் தனியே காணாததாலேயே டிஎஸ்எல் பற்றிய பல விவாதங்கள் குழம்புகின்றன. தூரம் இயற்கையின் செயல் என்போரும் நிர்வாகத்தின் தவறு என்போரும் ஆளுக்குப் பாதியைத்தான் பிடித்திருக்கிறார்கள்.

களிம்பு என்ற பெயருக்கே உரியது மூன்றாவது வகைத் தடை. கேபிளின் ஜாயின்ட்டுக்குள் ஈரம் புகுந்தால் செம்பு முனையில் பச்சை பூக்கும். இரண்டு கம்பிகளில் ஒன்று மட்டும் அரித்தால் ஜோடியின் சமநிலை கெட்டு வெளி இரைச்சல் உள்ளே வரும். அரிப்பு முற்றி முனை விட்டுப்போன லைனில் ஒரு விசித்திரமும் நடப்பதுண்டு: டயல் ஒலி செத்திருக்கும், ஆனால் மோடத்தின் டிஎஸ்எல் விளக்கு எரியும். குரலுக்கான தாழ்ந்த அதிர்வெண் கடக்க முடியாத சிறு இடைவெளியை உயர் அதிர்வெண் தாவிவிடுவதே காரணம். தாவினாலும் வேகம் படுத்துவிடும். செம்பரம்பாக்கத்திலிருந்து உபரிநீர் திறக்கும்போதெல்லாம் எச்சரிக்கை அறிவிப்பில் சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், வழுதியம்பேடு, திருநீர்மலை ஆகிய பெயர்களோடு திருமுடிவாக்கமும் இடம்பெறும். 2015 டிசம்பர் 1 அன்று ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கனஅடி திறக்கப்பட்டபோது, அந்த நீர் போய்ச் சேரும் அடையாற்றின் இருகரையிலும் பல நாள் தண்ணீர் நின்றது. ஜெல்லி நிரப்பிய கேபிள் நீரைத் தடுக்கத்தான் வந்தது. ஆனால் நீர் புகுவது பெரும்பாலும் கேபிளின் நடுவில் அன்று, மனிதக் கை பட்ட ஜாயின்ட்டிலும் பில்லரிலும் டிபி பெட்டியிலும்தான். அவற்றைத் திறந்து, முனையை நறுக்கி, புதிதாய் முறுக்கி மூடும் லைன்மேன் வேண்டும். 2020 ஜனவரி 31 அன்று பிஎஸ்என்எல் நிறுவனத்தில் சுமார் 78,000 பேர் ஒரே நாளில் விருப்ப ஓய்வில் சென்றார்கள். பராமரிப்பு என்ற சொல்லுக்குப் பின்னால் இருந்தவர்களில் பலர் அன்று போனார்கள்.

உவமை இங்கே ஒரு சிக்கலைச் சந்திக்கிறது. வேதியியல்படி களிம்பு காற்றாலும் ஈரத்தாலும் பின்னால் வருவது. சகசத்துக்குச் சொன்ன எடுத்துக்காட்டே ஆகந்துகமாகிவிடுகிறது. ஆனால் செம்பைச் சுத்தமான கம்பிச் சுருளாகப் பார்க்கும் கண்ணுக்குத்தான் இது முரண். செம்புத் தாது பல இடங்களில் பச்சைக் கார்பனேட் கல்லாகவே மண்ணிலிருந்து எடுக்கப்படுகிறது. உருக்கிப் பிரித்தவர்களுக்குப் பச்சைதான் முந்தியது, சிவப்பு பிந்தியது. அந்தப் பார்வையில் உவமை பழுதில்லாமல் நிற்கும்.

இரைச்சல் மற்ற வகைகளிலும் வருகிறது. ஒரே கேபிளுக்குள் நெருங்கிக் கிடக்கும் நூறு ஜோடிகளில் ஒன்றின் சிக்னல் அடுத்ததில் கசியும். நடைமுறையில் பல லைன்களை வெப்ப இரைச்சலைவிட அதிகமாகக் கட்டுப்படுத்துவது இதுதான். எதிர்வீட்டு மாணவி பதிவிறக்கும் பாடம் இந்த வீட்டு மோடத்துக்கு வெறும் சலசலப்பு. சென்னை வானொலியின் மத்திய அலை ஒலிபரப்பு 720 கிலோஹெர்ட்ஸ். ஏடிஎஸ்எல் தன் அலைக்கற்றையை 4.3125 கிலோஹெர்ட்ஸ் அகலத் துண்டுகளாக வெட்டுவதால் அது சரியாக 167-ஆம் துண்டில் வந்து விழும். தொழிற்பேட்டைகளின் வெல்டிங் இயந்திரங்களும் மோட்டார்களும் நொடிப்பொழுதுத் தெறிப்புகளை எழுப்பும். இரைச்சல் என்று தனியாக ஒரு பொருள் உலகில் இல்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. எவருக்கோ செய்தியாக இருப்பது, அறியாத இடத்தில் வந்து சேரும்போது இரைச்சலாகிறது. இந்த வாதத்துக்குப் பொறியியலே சான்று தந்திருக்கிறது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2010-ல் ஏற்ற வெக்டரிங் முறையில், ஒரு கேபிளின் எல்லா ஜோடிகளிலும் என்ன அனுப்பப்படுகிறது என்பதை ஒரே கருவி அறிந்து, கசிவை முன்கூட்டியே கணக்கிட்டுக் கழித்துவிடுகிறது. அறியப்பட்ட கணமே அந்த இரைச்சல் இரைச்சலாக இல்லாமல் போகிறது. அறியாமையால் வந்த தடை அறிவால் நீங்கும். வெப்பத்தால் வந்தது எவ்வளவு அறிந்தாலும் நீங்காது. ஞானத்தால் நீங்கும் பந்தம் எது, நீங்காதது எது என்று வேதாந்தியும் சித்தாந்தியும் நடத்திய வழக்கு இந்தக் கேபிளுக்குள்ளும் நடக்கிறது. இங்கே இருவர் கூற்றுக்கும் இடம் இருக்கிறது.

மோடம் இந்தத் தடைகளுக்கு நடுவே செய்யும் வேலை தனிக் கவனத்துக்கு உரியது. மின்சாரம் வந்து அதன் டிஎஸ்எல் விளக்கு சிமிட்டும் அந்த அரை நிமிடத்தில், அது ஏடிஎஸ்எல்2+ வகுத்த 512 துண்டுகளில் தன் திசைக்கு உரியவற்றை ஒவ்வொன்றாகச் சோதிக்கிறது. தெளிவான துண்டில் 15 பிட் வரை ஏற்றும். மங்கியதில் இரண்டு மூன்று. வானொலி ஆக்கிரமித்ததைக் காலியாக விடும். மோடத்தின் அமைப்புப் பக்கத்தை உலாவியில் திறந்தால் லைன் அட்டெனுவேஷன், எஸ்என்ஆர் மார்ஜின் என்று இரண்டு எண்கள் டெசிபலில் தெரியும். முதலாவது தூரமும் கம்பியும் சேர்ந்து விழுங்கியது. இரண்டாவது எதிர்பாராத இரைச்சலுக்காக ஒதுக்கிவைத்த இடைவெளி; அதை 3 டெசிபல் கூட்டினால் துண்டுக்கு ஏறத்தாழ ஒரு பிட் குறையும், இணைப்பு அறுவதும் குறையும். தடைகளுக்கு நடுவே மோடம் செய்யும் இந்த உதவி மாயையின் வேலையை ஒத்தது. ஆணவ இருளில் கிடக்கும் உயிருக்கு மாயை உடலும் கருவியும் உலகும் நுகர்பொருளும் தந்து விளக்குப்போலச் சிறிது அறிவை எழுப்புகிறது என்று சித்தாந்தம் சொல்லும். மாயையும் மலமே, ஆனால் உதவும் மலம். உமாபதி சிவம் திருவருட்பயனில் ஆணவத்தைப் பற்றிச் சொல்வது இங்கே நினைக்கத்தக்கது: இருட்டு மற்றப் பொருளை மறைத்தாலும் தன்னைக் காட்டும், ஆணவமோ தன்னையும் காட்டாது. வேகம் இல்லை என்று மட்டும் உணரும் வீட்டாருக்குத் தடை தன்னைக் காட்டுவதில்லை. அந்த இரண்டு எண்கள்தாம் அதைக் காட்டுகின்றன.

கடைசியாக, கம்பியோடு எந்தத் தொடர்பும் இல்லாத எல்லைகள். இந்திய அரசின் 2004-ஆம் ஆண்டு பிராட்பேண்ட் கொள்கை 256 கிலோபிட்டையே பிராட்பேண்ட் என்று வகுத்தது. 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் டேட்டாஒன் சேவையைத் தொடங்கியபோது, பல மெகாபிட் தாங்கும் லைன்களிலும் அந்த 256 கிலோபிட்டே விடப்பட்டது. அந்த இலக்கணம் 512 கிலோபிட்டாக உயர்ந்தது 2013-ல்; 2 மெகாபிட்டானது 2023-ல். எக்ஸ்சேஞ்சுக்கு அப்பால் உள்ள பெருவழியைப் பலர் பங்கிடுவதாலும் வேகம் விழும். ஒரு பங்கை 50 வீடுகளுக்கு மேல் பிரிக்கக்கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2009-ல் வரையறுத்தது. மாதத்துக்கு உரிய டேட்டா அளவு தீர்ந்ததும் வேகம் இறங்குவதும் இந்த வகைதான். ஒரு கட்டளையில் நீங்கக்கூடிய இவற்றுக்கு மலம் என்ற பெயர் பொருந்தாது. இவை வெறும் தீர்மானங்கள். தீர்மானித்தவர் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர். “லைன் அவ்வளவுதான் தாங்கும்” என்ற பதில் இவற்றுக்குச் சொல்லப்படும்போது, இயற்கையின் பெயர் தவறான இடத்தில் பயன்படுகிறது.

பாதரசத்தால் செய்த ரசகுளிகை பட்ட செம்பில் களிம்பு நீங்குவதுபோல அருள் பட்ட உயிரில் மலம் நீங்கும் என்பது மரபின் முடிவுரை. செம்புக் கம்பிக்கு அப்படியொரு குளிகை வரவில்லை. அதன் இடத்தில் கண்ணாடி இழை வந்தது. பழைய கேபிள் எடைக்குப் போகிறது. செம்பு விடுதலை பெற்றது என்று இதைச் சொல்ல முடியாது. தடையைத் தாங்கிய பொருளே மாற்றப்பட்டுவிட்டது. உயிருக்கு இந்த வழி இல்லை. ஒன்றின் பந்தத்தை நீக்குவதும் அதை விட்டு இன்னொன்றை எடுப்பதும் ஒன்றல்ல என்ற இடத்தில் உவமை நின்றுவிடுகிறது.

ஆனால் அதே கேள்வி கண்ணாடிக்கும் தொடர்கிறது. 1966-ல் இழை வழியே ஒளியை அனுப்பினால் சில மீட்டரிலேயே மங்கிவிடும் என்பதால், கண்ணாடியின் இயல்பு அப்படி என்று பலரும் அதைக் கைவிட்டிருந்தார்கள். சார்லஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்கமும் அந்த இழப்பு கண்ணாடியின் குணமன்று, அதில் கலந்த இரும்பு முதலான மாசுகளின் வேலை என்று வாதிட்டார்கள். மாசை நீக்கினால் கிலோமீட்டருக்கு 20 டெசிபலுக்குக் கீழே கொண்டுவரலாம் என்றார்கள். 1970-ல் கார்னிங் நிறுவனம் அதைச் செய்து காட்டியது. காவோவுக்கு 2009-ல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று குடியிருப்புகளுக்கு வரும் இழையில் இழப்பு கிலோமீட்டருக்கு 0.2 டெசிபலை ஒட்டி நிற்கிறது. வந்தேறிய மாசு ஏறக்குறைய முழுதும் போய்விட்டது. மிஞ்சிய 0.2-ன் பெரும்பகுதி, உருகிய கண்ணாடி உறையும்போது வெப்ப அசைவினால் ஏற்பட்ட அடர்த்தி ஏற்றத்தாழ்வுகள் அப்படியே உள்ளே நின்றுவிட்டதால் ஒளி சிதறுவது. அதை இதுவரை யாரும் நீக்கவில்லை.